வெளியில் வளரும் முயலும் அது தோண்டும் குழிகளும்: புதியவர்களுக்கு ஒரு வழிகாட்டி

முயலை மண் தரையில் விட்டு வளர்க்கத் தொடங்குபவர்கள் கொஞ்ச நாளிலேயே கேட்கும் கேள்வி ஒன்று உண்டு: இது தோண்டுவதை எப்படி நிறுத்துவது? நிறுத்த முடியாது, நிறுத்தவும் கூடாது. நாம் செய்யக்கூடியவை இரண்டு. வேலிக்கு அடியில் குடைந்து வெளியே போகாதபடி தரையை அடைக்கலாம். ஆசை தீரத் தோண்டுவதற்கென்று ஓர் இடத்தை ஒதுக்கிக் கொடுக்கலாம். இரண்டையும் சேர்த்தே செய்ய வேண்டும். வேலியை மட்டும் பலப்படுத்தினால் முயல் நாள் முழுக்க வேலியோரத்திலேயே நகத்தைத் தேய்த்துக்கொண்டிருக்கும். மண்தொட்டியை மட்டும் வைத்தால் ஒரு நாள் காலையில் தொட்டி இருக்கும், முயல் இருக்காது.

ஏன் தோண்டுகிறது என்பதைக் கொஞ்சம் பார்த்துவிடலாம். வீட்டில் வளர்க்கும் முயல், கையளவு குட்டையினமானாலும் சரி, நாய்க்குட்டி அளவு பெரிய இனமானாலும் சரி, எல்லாமே ஐரோப்பிய முயல் என்ற ஒரே காட்டினத்தின் வழி வந்தவை. அந்த இனம் நிலத்துக்கு அடியில் பல வாசல்களோடு வளை அமைத்துக் கூட்டமாக வாழ்கிறது. திறந்த வெளியில் நீண்ட கால்களோடு பாய்ந்து ஓடுகிற காட்டுமுயல் வேறு வகை. அது வளை தோண்டுவதில்லை, தரையில் சின்னப் பள்ளத்தில் படுத்துக்கொள்ளும். அதன் குட்டி கண் திறந்து, உடம்பெல்லாம் ரோமத்தோடு பிறக்கும். வீட்டு முயலின் குட்டியோ கண் மூடி, வெற்றுத் தோலோடு பிறக்கிறது. அப்படிப்பட்ட குட்டியைக் காப்பாற்ற நிலத்தடி அறை வேண்டும். வெயிலுக்கும் எதிரிக்கும் பயந்து ஒதுங்கவும் அதே அறைதான். மனிதர்கள் எத்தனை நிறத்திலும் உருவத்திலும் முயலை வளர்த்தெடுத்தாலும் அந்தப் பழக்கம் போகவில்லை.

முதல் படி: எங்கே, எப்போது தோண்டுகிறது என்று கவனியுங்கள்

கம்பி வலை வாங்க ஓடுவதற்கு முன் சில நாள் சும்மா பாருங்கள். தோண்டும் இடமே பெரும்பாலும் காரணத்தைச் சொல்லிவிடும்.

வேலியோரத்திலும் மூலையிலும் தோண்டினால் வெளியே போகப் பார்க்கிறது, அல்லது வேலிக்கு அந்தப் பக்கம் ஏதோ இருக்கிறது. இன்னொரு முயல், நாய், கண்ணுக்குத் தெரிகிற பச்சைப் புல், எதுவும் ஆகலாம். மரத்தடி நிழலில் ஒரு சாண் பள்ளம் பறித்து அதில் நீட்டிப் படுத்துக்கொண்டால் அது உஷ்ணம். மேல் மண்ணை ஒதுக்கிவிட்டு அடியில் இருக்கிற குளிர்ந்த மண்ணில் வயிற்றை வைத்துக்கொள்கிறது. கூண்டுக்கு அடியிலோ புதருக்குள்ளோ தோண்டினால் ஒளிய இடம் தேடுகிறது. கூடவே பின்காலால் தரையில் தொம்மென்று அடித்தால் பயந்திருக்கிறது என்று அர்த்தம். வாய் நிறைய உலர்புல்லைக் கவ்விக்கொண்டு ஒரே குழிக்குப் போய்வந்தால் அது கூடு கட்டும் பெண் முயல். இதைத் தனியாகப் பின்னால் பார்ப்போம். இங்கே கொஞ்சம், அங்கே கொஞ்சம் என்று இடம் முழுக்கக் கிளறினால் ஒன்று இளமைத் துடிப்பு, அல்லது பொழுது போகவில்லை.

நேரத்தையும் பாருங்கள். முயல் விடியற்காலையிலும் அந்தி நேரத்திலும்தான் சுறுசுறுப்பாக இருக்கும். நீங்கள் வேலைக்குக் கிளம்பும் முன்பும் திரும்பி வந்த பிறகும்தான் அது தோண்டும். நடுப்பகலில் தூங்குகிற முயலைப் பார்த்துவிட்டு, "எங்கள் முயல் தோண்டுவதே இல்லை" என்று நிம்மதியாக இருக்க வேண்டாம்.

பள்ளத்துக்கும் சுரங்கத்துக்கும் வித்தியாசம் தெரிய வேண்டும். மேலிருந்து பார்த்தால் அடி தெரிகிற குழி வெறும் பள்ளம். அதனால் ஆபத்து எதுவும் இல்லை. குழி சாய்வாக உள்ளே இறங்கி, அடி கண்ணுக்குத் தெரியாமல், வாசலில் மண் விசிறி போலப் பரவிக் கிடந்தால் சுரங்கம் தொடங்கிவிட்டது. முயல் முன்காலால் பறித்து, சேர்ந்த மண்ணைப் பின்காலால் உதைத்துத் தள்ளும். பிறகு திரும்பி நின்று மார்பாலும் முன்காலாலும் அதை வெளியே நெம்பும். வாசலில் மண் குவியல் நாளுக்கு நாள் வளர்ந்தால் உள்ளே சுரங்கமும் வளர்கிறது.

இரண்டாம் படி: தரையை அடைத்துவிடுங்கள்

உழைப்பும் செலவும் அதிகம் ஆகும் வேலை இதுதான். இதைச் சரியாகச் செய்துவிட்டால் மற்றதெல்லாம் நிதானமாகச் செய்யலாம்.

முதலில் வலை. அறுகோணக் கண் வைத்த மெல்லிய கோழி வலையை வாங்காதீர்கள். கோழியை ஓர் இடத்தில் நிறுத்தி வைக்க அது போதும். முயல் அதைக் கடித்து அறுத்துவிடும், நாய் கிழித்துவிடும், மண்ணுக்குள் புதைத்தால் சீக்கிரமே துருப்பிடித்து உதிரும். வேண்டியது துத்தநாகப் பூச்சு உள்ள வெல்டு மெஷ். சதுரக் கண், ஒவ்வொரு சந்திப்பிலும் பற்றவைத்தது. கம்பி 16 கேஜ், அதாவது சுமார் 1.6 மில்லிமீட்டர் கனமாவது இருக்கட்டும். கேஜ் எண் கூடக் கூடக் கம்பி மெலிகிறது என்பது புதிதாக வாங்குபவர்களைக் குழப்பும். 19 கேஜ் என்றால் 16-ஐ விட மெலிது, 14 என்றால் தடிமன். கண் அளவு 1 அங்குலத்துக்கு மேல் வேண்டாம். எலித் தொல்லை உள்ள இடமென்றால் அரை அங்குலக் கண் எடுங்கள்.

வலையைப் போடுவதில் பல முறைகள் உண்டு. வேலியை ஒட்டி 45 முதல் 60 சென்டிமீட்டர் ஆழத்துக்கு வாய்க்கால் வெட்டி வலையைச் செங்குத்தாகப் புதைப்பது பழைய முறை. நன்றாகவே வேலை செய்யும். ஆனால் கல்லும் வேரும் உள்ள மண்ணில் அந்த ஆழத்துக்கு நாலு பக்கமும் வெட்டுவதற்குள் இடுப்பு போய்விடும்.

புதியவர்களுக்கு நான் சொல்வது படுக்கை வலைதான். வேலியின் அடிப்பாகத்தோடு சேர்த்து, 45 முதல் 60 சென்டிமீட்டர் அகலத்துக்கு வலையைத் தரையில் கிடையாக விரிப்பது. வெளியேறப் பார்க்கும் முயல் பெரும்பாலும் தடுப்பின் காலடியில்தான் தோண்டத் தொடங்கும். அங்கே வலை தட்டினால் ஓரடி தள்ளி இன்னோர் இடத்தில், ஆனால் மறுபடியும் வேலியோரத்திலேயே முயற்சி செய்யும். இரண்டடி பின்வாங்கி, அங்கிருந்து வலைக்கு அடியில் போகலாம் என்று அநேகமாக அதற்குத் தோன்றாது. அநேகமாக என்றுதான் சொல்ல முடியும். இடத்தின் நடுவில் தொடங்கி நீளமாகக் குடைந்து போகிற முயலும் உண்டு. அதனால்தான் சுரங்கம் இருக்கிறதா என்று தினமும் பார்க்கச் சொல்வேன்.

வலையை உள்பக்கம் விரிப்பதா, வெளிப்பக்கமா? முயல் வெளியேறாமல் இருக்க உள்பக்கம். நாய், நரி, கீரி போன்றவை உள்ளே தோண்டி வராமல் இருக்க வெளிப்பக்கம். முடிந்தால் இரண்டு பக்கமும் போட்டுவிடுங்கள். ஒரு பக்கம்தான் முடியும், இரவில் முயலைப் பூட்டிய கூண்டில் அடைத்துவிடுவீர்கள் என்றால் உள்பக்கம் போதும். முயல் இரவும் அதே வேலிக்குள்தான் இருக்கப் போகிறது என்றால் வெளிப்பக்கத்தை விடவே கூடாது.

போடும் விதம் இப்படி. மேல் மண்ணை ஐந்தாறு விரல் ஆழம் சுரண்டி எடுத்துவிட்டு வலையை விரியுங்கள். வேலியின் வலையோடு ஒரு சாணுக்கு ஒரு கட்டு வீதம் கட்டுக்கம்பியால் இறுக்குங்கள். வலைத் துண்டுகள் சேரும் இடத்தில் ஒன்றன் மேல் ஒன்று 15 சென்டிமீட்டராவது ஏறியிருக்கட்டும். மூலைகளில் கூடுதல் கவனம் வேண்டும். இரண்டு துண்டும் வந்து முட்டிக்கொண்டு நிற்கும் அந்த இடுக்கைத்தான் முயல் கண்டுபிடிக்கும். வெட்டிய கம்பி முனைகளைக் கீழ்நோக்கி மடித்துத் தட்டிவிடுங்கள், இல்லாவிட்டால் பாதத்தைக் கிழிக்கும். பிறகு எடுத்த மண்ணை மேலே போட்டு மூடி, வேலியோரம் முழுக்கக் கனமான தரைக்கற்களை வரிசையாகப் பதியுங்கள். கல் இருந்தால் வலை வரைக்கும் போய்ச் சுரண்டுகிற வேலையே முயலுக்கு இருக்காது, நகமும் பிழைக்கும்.

எல்லோரும் மறப்பது கதவுக்கு அடியில். வேலி முழுக்க வலை போட்டுவிட்டு வாசலில் வெறும் மண்ணை விட்டிருப்பார்கள். நிலைப்படி போல ஒரு நீளக் கல்லைப் பதித்து, கதவு மூடும்போது இடையில் இரண்டு விரல் இடைவெளிகூட இல்லாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

இடம் சின்னது, தரை முழுக்க வலை போட்டுவிடலாமே என்று தோன்றும். போடலாம், ஆனால் அதன் மேல் கெட்டியாக மண் இருக்க வேண்டும். முயலின் பாதத்தில் நாய், பூனைக்கு இருப்பது போல மெத்தைத் தோல் கிடையாது, ரோமம் மட்டும்தான். வெறும் கம்பியில் நின்றுகொண்டே இருந்தால் ரோமம் தேய்ந்து, தோல் சிவந்து, குதிகாலில் புண் வைக்கும். அது ஆறுவது லேசில்லை. மெல்லிசாக மண் தூவினாலும் சரிப்படாது, ஒரே நாளில் கிளறி வலையை வெளியே கொண்டுவந்துவிடும், நகம் வலைக் கண்ணில் மாட்டி ஒடியும். தரை முழுக்க வலை என்றால் மேலே 30 சென்டிமீட்டருக்குக் குறையாமல் மண் போட்டு அழுத்துங்கள்.

சிமெண்ட் தளம் போட்டவர்களுக்கு வெளியேறும் கவலை இல்லை. ஆனால் வெயிலில் தளம் சுடும், பாதத்துக்குக் கடினம், சிறுநீர் தேங்கும். அங்கே கனமான உலர்புல் படுக்கையும் நிழலும் கட்டாயம், அடுத்து வரும் தோண்டு தொட்டியும் கட்டாயம்.

மூன்றாம் படி: தோண்ட ஓர் இடம் கொடுங்கள்

தொட்டி என்றவுடன் சின்னப் பிளாஸ்டிக் டப்பாவை வைத்துவிட்டு, முயல் ஏறிக்கூடப் பார்க்கவில்லை என்பார்கள். முயல் உள்ளே நின்று, சுற்றித் திரும்பி, பின்னால் மண்ணை உதைக்க இடம் வேண்டும். இரண்டு முயலுக்கு 1 மீட்டர் நீளம், 60 சென்டிமீட்டர் அகலம் குறைந்தபட்ச அளவு என்று வைத்துக்கொள்ளுங்கள். மண்ணின் ஆழம் 30 சென்டிமீட்டராவது வேண்டும், பெரிய இனத்துக்கு 45. இதற்குமேல் எவ்வளவு பெரிதானாலும் நல்லதுதான்.

செங்கல்லோ மரப்பலகையோ வைத்து நாலு பக்கமும் கட்டி, அடியில் தரைக்கல் பரப்பிவிட்டால் போதும். மரம் என்றால் பூச்சு எதுவும் அடிக்காத புது மரம், ஏனென்றால் அதையும் கடித்துப் பார்க்கும். அடியில் கற்களுக்கு இடையில் தண்ணீர் வடிய வழி விடுங்கள். ஏறி இறங்க ஒரு பக்கம் தாழ்வாக இருக்கட்டும். அதிகம் மண் சிதறுகிறது என்றால் மூன்று பக்கத்தை உயர்த்திக்கொள்ளுங்கள். எப்படியும் சிதறும், அதற்கு மனதைத் தயார் செய்துகொள்வது நல்லது.

மண் கலவைதான் முக்கியம். சாதாரணத் தோட்ட மண்ணும் கழுவிய மணலும் பாதிக்குப் பாதி கலந்தால் நன்றாக இருக்கும். கையில் பிடித்தால் உருண்டையாக நிற்க வேண்டும், தட்டினால் உதிர வேண்டும். வெறும் மணல் குழியைத் தாங்காது, பறிக்கப் பறிக்கச் சரிந்துகொண்டே இருக்கும், முயலுக்குச் சலித்துவிடும். காய்ந்த தூசி மண் மூக்கிலும் கண்ணிலும் ஏறும், அதனால் கோடையில் லேசாகத் தண்ணீர் தெளித்து வையுங்கள். கடையில் பையாக விற்கும் தொட்டிச் செடி மண்ணில் உரமும் சில சமயம் பூச்சிமருந்தும் கலந்திருக்கும். முயல் பாதத்தை நாக்கால்தான் சுத்தம் செய்கிறது என்பதால் அது நேரே வயிற்றுக்குப் போகும். பூனைக்கு வைக்கும் கட்டியாகும் மணல் வேண்டவே வேண்டாம். வயிற்றுக்குள் போனால் அங்கேயும் கட்டியாகும்.

பயன்படுத்தாத நேரத்தில் தொட்டியை மூடி வைக்க ஒரு பலகை தேவை. மழைக்கு மட்டுமல்ல, பூனைக்கும். கிளறிவிட்ட மண்ணைப் பார்த்தால் அக்கம்பக்கத்துப் பூனைகள் கழிப்பிடமாக்கிவிடும். அதன் வழியாக டாக்சோபிளாஸ்மா கிருமி முயலுக்கும் உங்களுக்கும் வரலாம். முயலே அங்கே புழுக்கை போடத்தான் செய்யும். அதை அவ்வப்போது அள்ளி, ஈரமான பகுதியை எடுத்துப் போட்டு, சில மாதங்களுக்கு ஒரு முறை மண்ணை முழுக்க மாற்றுங்கள்.

இன்னும் கொஞ்சம் மெனக்கெட விருப்பமிருந்தால் ஒரு மேடு அமைக்கலாம். தோண்டு தொட்டிக்கு நடுவில் அகலமான குழாய் ஒன்றைக் கிடையாக வைத்து மேலே மண் போட்டு மூடுவது. சின்ன இனத்துக்கு 15 சென்டிமீட்டர், பெரியதுக்கு 20 முதல் 25 சென்டிமீட்டர் விட்டம் இருக்கட்டும். இரண்டு முனையும் திறந்திருக்க வேண்டும், கையை உள்ளே விட்டால் எட்டும் நீளமாக இருக்க வேண்டும். சுரங்கம் போலவே இருக்கும், ஆனால் இடியாது. பயந்த முயலுக்கு இதை விட நல்ல பரிசு கிடையாது என்பது என் எண்ணம்.

நான்காம் படி: அந்த இடத்துக்குப் பழக்குங்கள்

தொட்டியை உங்களுக்கு வசதியான மூலையில் வைக்காதீர்கள். முயல் ஏற்கெனவே எங்கே தோண்டுகிறதோ அங்கேயே, முடிந்த அளவு பக்கத்தில் வையுங்கள். அது தோண்டிய பழைய குழியிலிருந்து நாலு கை மண்ணை அள்ளித் தொட்டியில் போடுங்கள். அதில் அதன் வாசனை இருக்கும். பழைய குழியை மூடி மேலே கல் வைத்துவிடுங்கள். பிறகு தொட்டி மண்ணுக்குள் அரை விரல் ஆழத்தில் அதற்குப் பிடித்த தழை, சின்னக் கேரட் துண்டு, ஒன்றிரண்டு பெல்லட் (கடையில் விற்கும் அழுத்திய தீவனம்) உருண்டை என்று புதைத்து வையுங்கள். முதலில் வாசனை வருகிற மாதிரி மேலாக, அப்புறம் கொஞ்சம் கொஞ்சமாக ஆழமாக. நீங்களே விரலால் கிளறிக் காட்டினாலும் ஆர்வமாக வந்து பார்க்கும். இதெல்லாம் அந்தி நேரத்தில் செய்தால் பலன் அதிகம்.

வேண்டாத இடத்தில் தோண்டும்போது கத்துவது, தண்ணீர் அடிப்பது, தட்டுவது எதுவும் பயன்படாது. முயல் வேட்டையாடப்படும் விலங்கு. தோண்டியதால்தான் திட்டு என்று அதற்குப் புரியாது, உங்களைக் கண்டால் ஓட வேண்டும் என்பது மட்டும் புரியும். பயந்த முயல் இன்னும் அதிகம் தோண்டும். அமைதியாகப் போய்த் தூக்காமல் மெல்லத் திசை திருப்பி, தொட்டிப் பக்கம் தழையைக் காட்டுங்கள். மிளகாய்த்தூள், மிளகுத்தூள் தூவும் யோசனையைச் சிலர் சொல்வார்கள். கண்ணிலும் மூக்கிலும் எரிச்சல் கொடுப்பது, பாதத்திலிருந்து வாய்க்குப் போவது தவிர அதனால் வேறு எதுவும் நடக்காது.

பொழுதுபோக்குக்கும் வழி செய்யுங்கள். தோண்டுவதைத் தவிர வேறு வேலையே இல்லாத முயல் எத்தனை தொட்டி வைத்தாலும் அடங்காது. உணவின் பெரும்பகுதி உலர்புல்லாக இருந்தால் அதை மெல்லுவதிலேயே நாளின் பெரும் நேரம் போகும். பெல்லட்டைக் கிண்ணத்தில் வைக்காமல் புல்லுக்குள் தூவிவிட்டால் தேடித் தின்னும். அட்டைப் பெட்டி, கடிக்கக் குச்சி, ஏறி நிற்க ஒரு மேடை, எல்லாம் உதவும். எல்லாவற்றையும் விட, கூட ஒரு துணை முயல். இடமும் வேண்டும். பிரிட்டனில் உள்ள முயல் நல அமைப்பு இரண்டு முயலுக்குப் பரிந்துரைக்கும் குறைந்தபட்ச இடம் 3 மீட்டர் நீளம், 2 மீட்டர் அகலம், 1 மீட்டர் உயரம். ஓரடிக்கு ஓரடிக் கூண்டில் வைத்துவிட்டுக் கூண்டின் தரையைப் பறிக்கிறது என்று குறைப்படுவதில் நியாயமில்லை.

பெண் முயல் தனி விஷயம்

ஆண் முயலும் தோண்டும், ஆனால் பெண் முயல் தோண்டுவதில் ஒரு பிடிவாதம் இருக்கும். காரணம் கூடு. சினைப்பட்ட முயல் சுமார் 31 நாளில் ஈனும். அதற்கு முன் ஒரு குழியைத் தேர்ந்தெடுத்து, உலர்புல்லைச் சுமந்து போய்ப் பரப்பி, தன் நெஞ்சு ரோமத்தைப் பிடுங்கி மெத்தை போடும். ஆணோடு சேராமலேயே இது நடப்பதும் உண்டு. அதைப் பொய்ச்சினை என்பார்கள். இரண்டரை வாரம் போல நீடித்துத் தானாகவே அடங்கும். அந்த நாட்களில் குழியை மூடினால் எரிச்சலாகும், உறுமும், கையைக் கடிக்கவும் வரும். கூடு கட்டும் இடம் பாதுகாப்பானதாக இருந்தால் விட்டுவிடுங்கள். வேலியோரம் என்றால், உலர்புல் நிரப்பிய ஒரு மூடுபெட்டியைப் பக்கத்தில் வைத்து மாற்றி விடுங்கள்.

உண்மையிலேயே சினையாக இருக்க வாய்ப்பிருந்தால் எந்தக் குழியையும் மூடாதீர்கள். தாய் முயல் குட்டிகளோடு படுத்திருக்காது. கூட்டின் வாயை மண்ணால் அடைத்துவிட்டுப் போய், நாளில் ஒரு முறை, சில நிமிடம் மட்டும் வந்து பால் கொடுத்துவிட்டுத் திரும்பவும் அடைத்துவிடும். இதைப் பார்த்துவிட்டுத் தாய் குட்டிகளை ஒதுக்கிவிட்டது என்று நினைப்பவர்கள் நிறைய. மண் அடைத்த குழியைப் பழைய குழி என்று நினைத்து மேலே கல்லை வைத்துவிடுவது அதைவிட மோசம்.

கருத்தடை அறுவை செய்தால் இந்த ஹார்மோன் வேகம் நன்றாகவே குறையும். தோண்டுவது அடியோடு நிற்காது, அந்த வெறி போகும். வயதான பெண் முயல்களுக்குக் கருப்பைப் புற்றுநோய் மிகச் சாதாரணமாக வருவதால், தோண்டும் பிரச்சினை இல்லாவிட்டாலும் அறுவையைப் பற்றி யோசிக்க வேண்டும். நாலு முதல் ஆறு மாத வயதில் செய்யலாம். முயலைப் பார்த்துப் பழகிய கால்நடை மருத்துவரிடமே போங்கள். முயலால் வாந்தி எடுக்க முடியாது, அதனால் நாய், பூனைக்குப் போல முதல் நாள் இரவே பட்டினி போட வேண்டியதில்லை. அப்படிச் சொல்லும் இடம் முயலுக்குப் பழக்கமில்லாத இடம். காயம் ஆறும் வரை மண்ணில் விடாதீர்கள். ஆண் முயலுக்குச் செய்தால், அறுவைக்குப் பிறகும் ஆறு வாரம் வரை சினைப்படுத்தும் திறன் இருக்கலாம் என்பதை நினைவில் வைத்துக்கொண்டு பெண்ணிடமிருந்து பிரித்து வையுங்கள்.

சுரங்கத்தைக் கண்டுபிடித்தால்

மூடுவதற்கு முன் முயல்களை எண்ணுங்கள். எல்லாம் கண்ணுக்குத் தெரிய வெளியே நின்றால் மட்டுமே மண்வெட்டியை எடுங்கள். எண்ணிக்கை சரியாக இருந்தும் சந்தேகம் என்றால், முயல்களைக் கூண்டில் அடைத்துவிட்டு, குழி வாயில் காய்ந்த இலையையோ சுருட்டிய தாளையோ தளர்வாக அடைத்து வையுங்கள். மறுநாள் காலையில் அது அப்படியே இருந்தால் உள்ளே யாரும் இல்லை. கலைந்திருந்தால் முயலோ வேறு ஏதோ விலங்கோ உள்ளே இருக்கிறது.

உள்ளே முயல் இருந்து வெளியே வர மறுத்தால் மேலிருந்து வெட்டித் திறக்க முயலாதீர்கள். கூரை இடிந்து மேலே விழும். தண்ணீர் ஊற்றி விரட்டுவது கொலைக்குச் சமம். தீவன டப்பாவைக் குலுக்குங்கள், வாசலில் வாசனையான தழையை வைத்துவிட்டுத் தள்ளிப் போய் நில்லுங்கள், அந்தி சாயும் வரை காத்திருங்கள். தீவன நேரத்தில் டப்பாவைக் குலுக்கும் சத்தத்துக்கு ஓடிவரும்படி முதல் நாளிலிருந்தே பழக்கிவைப்பது இந்த மாதிரி நேரத்துக்குத்தான்.

காலியானது உறுதியான பிறகு முதலில் சுரங்கத்தின் உள்ளே கைக்கெட்டும் தூரம் வரை கற்களைத் திணித்து, மேலே மண் போட்டு இறுக்கி, வாயில் தரைக்கல்லை வையுங்கள். வெறும் மண் மட்டும் போட்டால் இளகிய மண்ணைத் திரும்பப் பறிப்பது முயலுக்கு ஐந்து நிமிட வேலை. கனமழைக்குப் பிறகும் மணற்பாங்கான நிலத்திலும் சுரங்கம் திடீரென்று இடியும், வெள்ளமும் புகும். அதனால் மழைக்காலத்தில் ஆழமான சுரங்கம் எதையும் விட்டுவைக்கக் கூடாது. கட்டடத்தின் அஸ்திவாரம், தண்ணீர்க் குழாய், மின்கம்பி ஆகியவற்றின் பக்கம் தொடங்கிய குழியை அன்றைக்கே மூடுங்கள். மின்கம்பியை முயல் தயங்காமல் கடிக்கும். தோண்டும்போது வேர் கண்ணில் பட்டால் அதையும் கடித்துப் பார்க்கும். அரளி, ஆமணக்கு, ஊமத்தை போன்ற நச்சுச் செடிகள் வேலிக்குள் இருக்கவே கூடாது.

உஷ்ணத்துக்காகத் தோண்டும் முயலுக்குப் பள்ளத்தை மூடுவது தீர்வாகாது. முயலுக்கு வியர்க்காது. காதுகள் வழியாகத்தான் பெரும்பாலும் சூட்டை வெளியேற்றும். 30 டிகிரிக்கு மேல் போனால் உயிருக்கே ஆபத்து வரலாம். அடர்ந்த நிழல், காற்றோட்டம், ஈரத் துணி சுற்றிய பனிக்கட்டிப் பாட்டில், படுத்துக்கொள்ள ஒரு குளிர்ந்த ஓடு ஆகியவற்றைக் கொடுங்கள். நிழலில் அது பறித்த ஆழமில்லாத பள்ளத்தை அப்படியே விட்டுவிடுங்கள்.

தினமும், மாதமும் பார்க்க வேண்டியவை

தினமும் ஒரு முறை வேலியோரமாக ஒரு சுற்று நடங்கள். புதிய மண் குவியல், நகர்ந்த கல், வலைக்கும் தரைக்கும் இடையில் வெளிச்சம், இந்த மூன்றையும் பார்த்தால் போதும். வெயில் காலத்தில் முயலின் பின்புறத்தையும் தினமும் பாருங்கள். ஈர மண்ணும் புழுக்கையும் ரோமத்தில் ஒட்டியிருந்தால் ஈ முட்டையிடும், ஒரே நாளுக்குள் புழு பொரிந்து சதையைத் தின்னத் தொடங்கும். புழுவைப் பார்த்தால் அடுத்த நாளுக்குத் தள்ளிப் போடாமல் மருத்துவரிடம் கொண்டுபோங்கள்.

மாதம் ஒரு முறை நகம், பாதம், கண், மூக்கு. தோண்டும் முயலுக்கு நகம் தானாகத் தேயும் என்பார்கள். முன்கால் நகம் ஓரளவு தேயும், பின்கால் நகத்தையும் தரையைத் தொடாத உள்பக்க நகத்தையும் எப்படியும் வெட்ட வேண்டியிருக்கும். கண்ணில் மண் விழுந்து நீர் வடிந்தால் அலட்சியம் வேண்டாம். புதைத்த வலையை ஆண்டுக்கு ஒரு முறை இரண்டு மூன்று இடத்தில் தோண்டிப் பார்த்து, துரு ஏறியிருந்தால் அந்தத் துண்டை மாற்றுங்கள். காட்டு முயல்கள் நடமாடும் இடமென்றால், மிக்சோமாடோசிஸ், முயல் இரத்தக்கசிவு நோய் ஆகியவற்றுக்குத் தடுப்பூசி கிடைக்கிறதா என்று மருத்துவரிடம் கேளுங்கள். இந்த நோய்கள் கொசு, தெள்ளுப்பூச்சி, அசுத்தமான புல், மண் வழியாகவும் பரவும்.

அப்படியும் வெளியே போய்விட்டால்

துரத்தாதீர்கள். துரத்தினால் இன்னும் தூரம் போகும், இல்லாவிட்டால் எட்டாத இடுக்கில் புகுந்துகொள்ளும். வெளியேறிய முயல் பெரும்பாலும் பக்கத்திலேயே ஏதாவது புதரில் பதுங்கியிருக்கும். முதலில் நாய்களையும் பூனைகளையும் அப்புறப்படுத்துங்கள். துணை முயல் இருந்தால் அதைக் கூண்டில் வைத்து, வெளியேறியது பார்க்கும்படி அருகில் வையுங்கள். இன்னொரு கூண்டின் கதவைத் திறந்து, உள்ளே அதன் பழைய படுக்கைப் புல்லையும் தீவனத்தையும் போட்டுவிட்டு, சத்தமில்லாமல் உட்காருங்கள். அந்தியும் விடியலும்தான் அது வெளியே தலைகாட்டும் நேரம். வெளியேறிய குழியை உடனே மூட வேண்டாம், பல முயல்கள் போன வழியாகவே திரும்பி வரும். மற்ற முயல்களை மட்டும் பாதுகாப்பாக அடைத்துவிட்டு, தப்பியது கைக்கு வந்து சேர்ந்த பிறகு கல்லும் வலையும் கொண்டுபோய் அந்தக் குழியை அடையுங்கள்.